தொட்டதா, பட்டதா? ரோபோ போட்டி விதிகளை வாசித்த ஒரு நடுவரின் குறிப்பு

போன டிசம்பரில் குன்னூருக்குப் பக்கத்தில் மூன்று பள்ளிகளைச் சேர்த்து ஒரு ரோபோ போட்டி நடத்தினோம். போட்டி என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். ஒரு பள்ளியின் சத்துணவுக் கூடம், இரண்டு பிளைவுட் பலகை, அதன்மேல் பேனர் கடையில் அடித்த ஒரு ஃப்ளெக்ஸ் விரிப்பு, தெர்மாக்கோலிலும் அட்டையிலும் செய்த ஒரு பொம்மை எஸ்டேட். ஐந்து அணிகள். நடுவர் நான். வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கு நான் கொடுத்த இரண்டு தீர்ப்புகளைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத எழுத அது விதிப்புத்தகத்தைப் பற்றிய விமர்சனமாக மாறிவிட்டது. இரண்டையும் பிரிக்க முயன்று முடியாமல் விட்டுவிட்டேன்.

முதல் தீர்ப்பு காலையில். எட்டாம் வகுப்புப் பையன்கள் அணி. ரோபோ புறப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது, குனிந்து பார்த்த ஒருவனின் ஸ்வெட்டர் கை அதன்மேல் உரசியது. ஓடும் ரோபோவில் கை வைத்தால் ஒரு டோக்கன் போகும் என்பது விதி. நான் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்: "தொடல சார், பட்டுருச்சு. அதுவும் ஸ்வெட்டர்தான்." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டிசம்பர் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் வா என்றா சொல்ல முடியும்? "சரி, விடு" என்றேன்.

இரண்டாவது மதியத்துக்கு மேல். எஸ்டேட் பக்கத்துப் பள்ளி ஒன்றின் பெண்கள் அணி. ஒரு தட்டின் மேல் இருக்கும் சின்னத் தேயிலைப் பெட்டியை ரோபோ வெளியே இழுக்க வேண்டும். ஆட்டம் முடியும்போது பெட்டி தட்டைத் தொடாமல் இருந்தால் 20 புள்ளி. ரோபோ அழகாக இழுத்துவிட்டது. பெட்டி விரிப்பின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் பெட்டியைச் சுற்றி, பார்க்க நிஜம் மாதிரி இருக்கட்டும் என்று, நான்தான் ஒரு சணல் கயிறு கட்டியிருந்தேன். அதன் வால் மட்டும் தட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தது. "தொடுது. புள்ளி இல்லை."

கடைசியில் பையன்கள் 175, பெண்கள் 165. கோப்பையைக் கொடுத்தாயிற்று. கூட்டம் கலையும்போது அந்த அணியில் ஒரு பெண், ஏழாம் வகுப்பு இருக்கும், என்னிடம் வந்து சண்டை போடாமல் சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்: "சார், அவன் ஸ்வெட்டர் அவன் இல்லைன்னா, கயிறு மட்டும் எப்படி சார் பொட்டி ஆகும்?"

'நடுவர் முடிவே இறுதியானது' என்று தாளின் அடியில் நானே அடித்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். பேச்சு அங்கே முடிந்தது.

திரும்பி வரும்போது அருவங்காடு தாண்டுவதற்குள் பஸ்ஸில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். கறாராக இருந்திருந்தால், ஸ்வெட்டரும் கைதான், கயிறும் பெட்டிதான். பையன்களிடம் அப்போது ஐந்து டோக்கன் இருந்தது. ஒன்று போனால் 15 புள்ளி குறையும். 160. பெண்கள் 165. அவர்கள் ஜெயிக்கிறார்கள். தாராளமாக இருந்திருந்தால், ஸ்வெட்டர் கை இல்லை, கயிறு பெட்டி இல்லை. பையன்கள் 175, பெண்கள் 185. அப்போதும் அவர்கள்தான். எப்படி வாசித்தாலும், ஒரே மாதிரி வாசித்திருந்தால், பெண்கள் அணிக்குத்தான் கோப்பை. காலையில் ஒரு மாதிரி, மதியம் ஒரு மாதிரி வாசித்தால் மட்டுமே வருகிற முடிவை நான் கொடுத்திருக்கிறேன்.

அன்றிரவு விதிப்புத்தகத்தை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். அதுவரை புரட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

எங்கள் போட்டியின் விதிகள் இரவல். அமெரிக்காவில் டீன் கேமன் 1989இல் தொடங்கிய ஃபர்ஸ்ட் என்ற அமைப்பும் லெகோ கம்பெனியும் சேர்ந்து நடத்தும் ஃபர்ஸ்ட் லெகோ லீக் இந்தியாவிலும் நடக்கிறது. ஒவ்வொரு வருஷமும் ஒரு கரு: 2019இல் நகரக் கட்டுமானம், 2024இல் கடலடி, 2025இல் அகழாய்வு. ஒரு மேஜை, அதன்மேல் மாதிரிகள், இரண்டரை நிமிடம், தானாக ஓடும் ரோபோ. அதற்கான லெகோ பெட்டியை வாங்க எங்கள் பள்ளிகளுக்குக் கட்டுப்படியாகாது. ஒரு பள்ளியில் நிதி ஆயோக் கொடுத்த அடல் டிங்கரிங் ஆய்வகம் இருந்தது. அங்கிருந்த ஆர்டுயினோ பலகைகளை மற்ற பள்ளிகளும் கடன் வாங்கிக்கொண்டன. விதிகள் மட்டும் லெகோ லீக்கின் 2019, 2024 புத்தகங்களிலிருந்து எடுத்து, தமிழில் நான் சுருக்கியது. தவறுகள் எல்லாம் அந்தச் சுருக்கத்தில்தான் நுழைந்தன என்று முதலில் நினைத்தேன். முழுக்க அப்படியில்லை.

2019 புத்தகத்தின் விதிகளுக்கு முன்னால், விதிகளை எப்படி வாசிப்பது என்று சில வரிகள் உண்டு. விளையாட்டு விதிப்புத்தகங்களில் நான் பார்த்தவரை இதுதான் உருப்படியான பகுதி. சொல்லப்படாத விவரம் கணக்கில் வராது. எழுதியிருப்பது எதைச் சொல்கிறதோ அதை மட்டுமே சொல்கிறது, அதற்கு மேல் எதுவும் இல்லை. ஒரு சொல்லுக்குப் புத்தகம் தனியாகப் பொருள் சொல்லாவிட்டால், சாதாரணப் பேச்சில் அதற்கு என்ன பொருளோ அதையே எடுத்துக்கொள்ள வேண்டும். நடுவருக்கு முடிவெடுப்பது மிகக் கடினமாக இருந்து, எந்தப் பக்கமும் வலுவான வாசகத்தை யாராலும் காட்ட முடியாவிட்டால், சந்தேகத்தின் பலன் அணிக்கு. இதை ஒரு தந்திரமாகப் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு எச்சரிக்கையும் உண்டு.

படித்ததும் முதலில் வந்தது வெட்கம். கயிறு பெட்டியில் சேருமா என்று என் தாளில் ஒரு வார்த்தைகூட இல்லை. சந்தேகத்தின் பலன் அந்தப் பெண்களுக்குப் போயிருக்க வேண்டும். இந்த வரியைத் தமிழில் சுருக்கும்போது 'நடுவர் முடிவே இறுதியானது' என்று நான் மாற்றியிருக்கிறேன். யோசித்து மாற்றவில்லை. கை தானாக அப்படி எழுதியிருக்கிறது. நம்ம ஊர்ப் போட்டி நோட்டீஸ்களில் கோலப் போட்டியிலிருந்து கபடி வரை அந்த ஒரு வரி இருந்தே தீரும். ஒரு பண்பாடு சந்தேகத்தைப் போட்டியாளருக்குக் கொடுக்கிறது, இன்னொன்று நடுவருக்குக் கொடுக்கிறது. மொழிபெயர்ப்பில் நான் கட்சி மாறிவிட்டேன்.

ஆனால் அந்தச் 'சாதாரணப் பேச்சில் என்ன பொருளோ' என்ற வரியில் எனக்குச் சண்டை இருக்கிறது. யாருடைய பேச்சு?

2024 கடலடிப் போட்டியின் சில மிஷன்களை எடுத்துக்கொள்ளுங்கள். சுறா குகையைத் தொடாத நிலைக்கு வந்துவிட்டால் 20. அது விரிப்பைத் தொட்டபடி, தன் வாழிடத்துக்குள் ஒரு பகுதியாவது இருந்தால் இன்னும் 10. தண்ணீர் மாதிரி அதன் இடத்துக்கு முழுமையாக வெளியே இருந்தால் 5. சேகரித்த மாதிரிகள் கப்பலின் சரக்குப் பகுதியில் ஒரு பகுதியாவது உள்ளே இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 5. மொத்த விளையாட்டும் நாலைந்து சின்னச் சொற்களில்தான் நிற்கிறது: தொடுதல், உள்ளே, வெளியே, முழுமையாக, ஒரு பகுதியாவது. சுறா, குகை, கப்பல் எல்லாம் வருஷா வருஷம் மாறும் வேஷம். இந்தச் சொற்கள்தான் மாறுவதில்லை. ரோபோவின் கொக்கி எவ்வளவு நீளம், பிடி எவ்வளவு அகலம் என்று முடிவு செய்வதும் இவைதான். 'முழுமையாக வெளியே' என்றால் கொக்கி நீளமாக வேண்டும். 'ஒரு பகுதியாவது உள்ளே' என்றால் ஒரு தள்ளு போதும். வடிவமைப்பு விதியின் வினையடையிலிருந்து தொடங்குகிறது.

இந்தச் சின்னச் சொற்கள்தான் ஒரு மொழிக்குள் இருந்து இன்னொன்றுக்கு நேராகப் போகாதவை. ஆங்கிலத்தில் ஒரு பொருள் இன்னொன்றின் மேல் பட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஒரு சொல், அதற்கு மேலே அந்தரத்தில் இருப்பதற்கு வேறு சொல். நமக்கு இரண்டும் 'மேல்'தான். மேஜை மேல் புத்தகம், மேஜைக்கு மேல் விளக்கு. ஒரு 'கு' உருபுதான் வித்தியாசம், பேசும்போது அதுவும் பல நேரம் தேய்ந்துவிடும். 'தட்டு மேலே பெட்டி இருந்தா' என்று வாயால் விளக்கினால், ரோபோவின் கை பெட்டியைத் தட்டுக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தாலும் புள்ளி கேட்பார்கள். கேட்டார்கள். அதில் அவர்கள் தவறு ஒன்றுமில்லை.

மாறாக, ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக இருக்கும் இடத்தில் நம்மிடம் இரண்டு இருக்கிறது. தொடுவது வேறு, படுவது வேறு. தொடுவதற்கு ஒரு ஆள் வேண்டும், நினைப்பு வேண்டும். படுவது தானாக நடக்கும். கால் பட்டுவிட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். தொட்டுப் பிடித்து விளையாடும்போது 'தொட்டேன்', 'இல்ல பட்டுச்சு' என்று சண்டை போடாமல் வளர்ந்த தமிழ்ப் பிள்ளை உண்டா? ஸ்வெட்டர்ப் பையன் சாக்கு சொன்னான் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது பார்த்தால், அவன் தன் தாய்மொழியின் சாதாரணப் பேச்சில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதைத்தான் சொல்லியிருக்கிறான். புத்தகம் சொன்னதும் அதைத்தானே?

கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் விதிகளில் இரண்டு வகை இருக்கிறது. மிஷன்களில் பெரும்பாலானவை ஆட்டம் முடிந்த நொடியில் களம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்கின்றன. யார் செய்தார்கள், எப்படி, வேண்டுமென்றா தவறியா, கவலையில்லை. அங்கே வேண்டியது 'பட்டிருக்கிறதா' என்ற கேள்வி. டோக்கன் விதி வேறு. அது ஒரு செயலைப் பற்றியது: ஓடுகிற ரோபோவை அணி குறுக்கிட்டதா? அங்கே வேண்டியது 'தொட்டாயா' என்ற கேள்வி. நான் இரண்டு இடத்திலும் 'தொட்டால்' என்றே எழுதி வைத்தேன். தமிழுக்கு இருக்கிற வசதியைத் தமிழிலேயே எழுதும்போது தொலைத்தவன் நான்.

அந்த டோக்கன் பட்டியலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. ஆட்டத்தின் தொடக்கத்தில் ஆறு டோக்கன். குறுக்கிடும்போதெல்லாம் ஒன்று போகும். 2019இல் ஆறும் மிஞ்சினால் 60, ஐந்து 45, நான்கு 30, மூன்று 20, இரண்டு 10, ஒன்று 5. அதாவது முதல் தவறுக்கே 15 புள்ளி அடி. இரண்டு வருஷம் கழித்து வந்த பட்டியலில் ஆறுக்கும் 50, ஐந்துக்கும் 50. அப்புறம் 35, 25, 15, 10. முதல் தவறு இலவசம், இரண்டாவதுக்குத்தான் 15 அடி. யாரோ எங்கேயோ உட்கார்ந்து, பிள்ளைகள் முதல் குறுக்கீட்டுக்குப் பிறகு பயந்துபோய் மீதி ஆட்டத்தையும் கெடுத்துக்கொள்வதைப் பார்த்திருக்க வேண்டும். இது என் ஊகம்தான். ஆனால் இந்த எண்களுக்குள் ஒரு மனுஷன் தெரிகிறான்.

இதை எங்கள் பிள்ளைகளிடம் காட்டியபோது அவர்கள் வேறு ஒன்றைப் பார்த்தார்கள். "அப்ப ஒரு தடவை தூக்கறது ஃப்ரீ சார்." ஒரு அணி அந்த இலவசத்தை வடிவமைப்பிலேயே சேர்த்துக்கொண்டது. ரோபோ களத்தின் கோடியில் ஒரு வேலை செய்யும், திரும்பி வராது. போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். திரும்பி வருவதற்கான நிரலை எழுதும் வேலையே மிச்சம். ஏமாற்று வேலையா? இல்லை. சொல்லப்படாதது கணக்கில் வராது. புள்ளிப் பட்டியலை யார் இவ்வளவு கவனமாக வாசிக்கிறார்களோ அவர்கள்தான் நல்ல பொறியாளர்கள் என்பது என் கட்சி. மன்னிப்பை ஒரு உதிரிபாகமாக்கிவிட்டார்களே என்று ஒரு சின்ன உறுத்தலும் இருக்கத்தான் செய்கிறது.

நான்கு மோட்டாருக்கு மேல் கூடாது என்ற விதியை அப்படியே வைத்துக்கொண்டோம். ரோபோவும் எல்லாக் கருவிகளும் ஒரே புறப்படும் இடத்துக்குள் 305 மில்லிமீட்டர் உயரத்துக்குள் அடங்கினால் 20 புள்ளி என்ற 2024 விதியையும் வைத்துக்கொண்டோம். இவற்றில் சண்டை வரவே இல்லை. ஸ்கேலை வைத்தால் தெரிந்துவிடும்.

களங்கள் ஒரே மாதிரி இருக்க முயல்வோம், ஆனாலும் மேடுபள்ளமும் வெளிச்ச வேறுபாடும் இருக்கும், எதிர்பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு விதி உண்டு. அதை எழுதியவர் குன்னூருக்கு வந்ததில்லை என்று நினைக்கிறேன். மூன்று மணிக்கு மஞ்சு இறங்கி ஜன்னல் வெள்ளையானதும், காலையில் கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓடிய ரோபோக்கள் எல்லாம் கண் தெரியாத கிழவர் மாதிரி தடுமாறின. பெண்கள் அணி மட்டும் தப்பித்தது. நிறம் அறியும் சென்சாரைச் சுற்றி ஒரு கறுப்புச் சார்ட் அட்டையைக் குடை மாதிரி ஒட்டி, உள்ளேயே ஒரு எல்இடி பொருத்தியிருந்தார்கள். மஞ்சு வரும் என்று அவர்களுக்குத் தெரியும். தினமும் அதில்தானே பள்ளிக்கூடம் வருகிறார்கள்?

இந்தக் குடைக்கு என் மதிப்பீட்டுத் தாளில் என்ன மதிப்பெண் கிடைத்தது? இங்கேதான் என் பெரிய புகார்.

லெகோ லீக்கில் களத்தில் எடுக்கிற புள்ளி கால் பங்குதான். ரோபோ வடிவமைப்பு, ஆய்வுத் திட்டம், அடிப்படை மதிப்புகள் ஒவ்வொன்றும் கால் கால். அதனால்தான் களத்தில் முதலாவதாக வந்த அணி வெறுங்கையோடு போய், "நாங்கதானே ஜாஸ்தி புள்ளி?" என்று கேட்கும் காட்சி நடக்கிறது. அந்தப் பங்கீடு எனக்குச் சம்மதம்தான். வடிவமைப்பை மதிப்பிடும் தாளின் வாசகம்தான் பிரச்சினை. ஐந்து தலைப்பு, தலைப்புக்கு இரண்டு வரி, ஆக பத்து. ஒவ்வொன்றுக்கும் தொடக்கநிலை, வளர்நிலை, கைவந்த நிலை, அதற்கும் மேல் என்று நான்கு படி. மிக உயர்ந்த படியைக் கொடுத்தால் ஏன் என்று மதிப்பீட்டாளர் எழுத வேண்டும். இது நல்ல விதி, கை கொஞ்சம் கூசும். ஆனால் 'உருவாக்கு' என்ற தலைப்பைப் பாருங்கள். ரோபோவும் அதன் கருவிகளும் சென்சார்களும் எப்படி வேலை செய்கின்றன என்பதற்குக் குறைவான விளக்கம் என்றால் கீழ்ப்படி, எளிய விளக்கம் என்றால் அடுத்தது, விரிவான விளக்கம் என்றால் அதற்கடுத்தது. தலைப்பு உருவாக்கத்தைச் சொல்கிறது, படிகள் விளக்கத்தை அளக்கின்றன. எவ்வளவு நன்றாகச் செய்தாய் என்று கேட்பதுபோல் தொடங்கி, எவ்வளவு நன்றாகச் சொன்னாய் என்று எடைபோடுகிறது.

இதற்கு ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கக்கூடாது. ரோபோவை அப்பாவோ பயிற்சியாளரோ செய்து கொடுத்துவிடுவது எல்லா ஊரிலும் நடப்பது. செய்த பிள்ளைக்குத்தான் சொல்லத் தெரியும். விளக்கம் கேட்பது ஒரு விதத்தில் கைரேகை எடுப்பதுதான். எங்கள் ஐந்து அணிகளில் ஒன்றை நான் அப்படித்தான் கண்டுபிடித்தேன். கியர் விகிதம் என்ன என்று கேட்டதும் நால்வரும் ஒரே நேரத்தில் வாசலில் நின்ற சாரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சரி, குடைக்கு வருகிறேன். "இது எதுக்கும்மா?" என்றேன். "மஞ்சு வந்தா கோடு தெரியாது சார். இத போட்டா தெரியும்." அவ்வளவுதான் விளக்கம். இன்னொரு அணி, ஆங்கிலவழிப் பள்ளி, ஐந்து நிமிடம் பாய்வு விளக்கப்படம் காட்டி, எத்தனை முறை சோதித்தோம், என்னென்ன மாற்றினோம் என்று மணிமணியாகச் சொன்னது. அவர்களுக்கு மூன்றாம் படி. பெண்களுக்கு இரண்டாம் படி, 'எளிய விளக்கம்'. தாளின்படி நான் செய்தது சரி. அந்த மணிமணியான ரோபோ மூன்று மணிக்கு மேல் சுவரில் போய் முட்டி நின்றது.

இதை யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குத் தாமதமாக ஒன்று உறைத்தது. களவிதிகளின் முகப்பில் இருக்கும் வாசிப்பு முறையை மதிப்பீட்டுத் தாளுக்கும் பொருத்தினால் என்ன? சொல்லப்படாதது கணக்கில் வராது. எந்த மொழியில் விளக்க வேண்டும் என்று தாள் சொல்லவில்லை. வாயால்தான் விளக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. அந்தப் பெண் பதில் சொன்ன கையோடு குடையைக் கழற்றினாள், ரோபோவை ஓடவிட்டாள், அது கோட்டைத் தவறவிட்டது. திரும்ப மாட்டினாள், ஓடவிட்டாள், பிடித்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இதைவிட விரிவான விளக்கம் என்ன இருக்க முடியும்? நான் அதை 'செய்து காட்டினாள்' என்று மனசில் போட்டுக்கொண்டேன், 'விளக்கினாள்' என்று போடவில்லை. தாளின் குறையில் பாதி, தாளை வாசிக்கிறவன் காதால் மட்டும் வாசிக்கிறான் என்பது. பாதிதான். மீதிப் பாதி தாளில் இருக்கிறது. 'விளக்கம்' என்ற இடத்தில் 'சொல்லியோ செய்துகாட்டியோ' என்று இரண்டு வார்த்தை சேர்த்திருந்தால், என்னை மாதிரி ஆட்கள் எல்லா ஊரிலும் சரியாக வாசித்திருப்போம்.

நன்னூலின் பாயிரத்தில் பவணந்தியார் சூத்திரத்துக்கு இலக்கணம் சொல்லும்போது, சின்னக் கண்ணாடிக்குள் பெரிய உருவம் அடங்குவதுபோல் சில எழுத்தில் பல பொருள் அடங்க வேண்டும் என்கிறார். அதோடு விடவில்லை. உரைக்கும் தனியாக இலக்கணம் சொல்கிறார், காண்டிகை, விருத்தி என்று வகையும் பிரிக்கிறார். சுருக்கமாக எழுதினால் உரை வேண்டும் என்பது அந்த மரபுக்குத் தெரியும். லெகோ லீக் புத்தகத்துக்கும் உரை உண்டு. சீசன் நடுவில் வெளியிடும் திருத்த அறிவிப்புகள்தான் அது. ஆனால் வரிசை நேர்மாறு. 2019 விதிப்படி, முரண்பாடு வந்தால் கடைசியாக வந்த அறிவிப்புக்கே முதலிடம், அடுத்தது மிஷன்களும் கள அமைப்பும், விதிகள் அதற்கும் பிறகு. நம் உரையாசிரியர்கள் மூலத்தை மீற முடியாமல் எவ்வளவு குட்டிக்கரணம் போட்டார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இங்கே உரைதான் மூலத்தைவிடப் பெரியது. குழந்தைகள் விளையாட்டுக்கு அதுதான் சரி. கேட்ட கேள்விக்குப் புத்தகம் வளைய வேண்டும்.

வாயால் மட்டும் இருந்த விளையாட்டை எழுத்தாக்கும்போதும் இதே கதைதான். 2022இல் டில்லி நடத்திய ஏபியு ரோபோகான் போட்டியின் கரு லகோரி, அதாவது நம்ம ஏழுகல். கல்லூரி மாணவர்களின் இரண்டு ரோபோக்கள், ஒன்று பந்தெறிந்து அடுக்கைக் கலைக்கும், இன்னொன்று அடுக்கும். விதிப்புத்தகத்தில் ஏழு கல் ஐந்தாகிவிட்டது. தெருவில் ஏழுகல் விளையாடும்போது 'கலைந்தது' என்றால் என்ன என்று யாரும் வரையறுத்ததில்லை. சத்தம் அதிகம் போட்டவன் சொன்னதுதான். எழுதத் தொடங்கினால்தான் ஒவ்வொரு சொல்லும் பல்லைக் காட்டும்.

அந்த ஏழாம் வகுப்புப் பெண்ணுக்கு இந்த வாசிப்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். வகுப்பறையிலிருந்து வந்ததாகத் தெரியவில்லை. அவளுடைய அம்மா கொழுந்து பறிக்கிறவர். சாயங்காலம் எடை போடும் இடத்தில் பள்ளி விட்டு வரும் பிள்ளைகள் சாதாரணமாக நிற்பார்கள். சாக்குக்கு இவ்வளவு, மழை நாளில் ஈரத்துக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். கழிப்பது கிலோவில், கிலோ என்பது கூலியில். சாக்கு இலை இல்லை, சரி. இலைமேல் இருக்கிற தண்ணீர் இலையா? எவ்வளவு தண்ணீர்? யார் பார்த்தது? சிறு விவசாயிகளுக்கும் இதே கதை வேறு ரூபத்தில் உண்டு. ஃபேக்டரிக்குப் போகும் பச்சை இலையில் இரண்டு இலையும் மொட்டுமாக எவ்வளவு, முற்றியது எவ்வளவு என்று ஒரு கைப்பிடியை எடுத்துப் பார்த்துத் தரம் சொல்வார்கள். எந்தக் கைப்பிடி என்பது விதியில் இல்லை. புள்ளி விதிகளைப் பற்றி இந்தப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வந்தேன் என்பதை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. கயிறு பெட்டியா என்பது அவள் வீட்டில் தினமும் கேட்கும் கேள்வி.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் இரண்டு பள்ளிக்கும் போனேன். பையன்கள் பள்ளியில் கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினேன். ஸ்வெட்டர்ப் பையன் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "ஆமா சார், எப்படிப் பாத்தாலும் அவங்கதான்" என்றான். கோப்பையைப் பற்றி யாரும் பேசவில்லை. அது தலைமையாசிரியர் அறைக் கண்ணாடி அலமாரிக்குள் போயாயிற்று, அதை வெளியே எடுக்க என்ன நடைமுறை என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

பெண்கள் பள்ளிக்குப் புதிதாக எழுதிய தமிழ் விதித்தாளைக் கொண்டுபோயிருந்தேன், நான்கு பக்கம். 'தொடுதல்' ஒரு இடத்தில், 'பட்டிருத்தல்' ஒரு இடத்தில். 'மேல்' வருகிற இடமெல்லாம் 'மேல் பட்டபடி' என்றோ 'மேலே படாமல்' என்றோ பிரித்திருந்தேன். நடுவர் முடிவு பற்றிய வரியை எடுத்துவிட்டுச் சந்தேகத்தின் பலனைப் போட்டிருந்தேன். விளக்கம் என்பது சொல்லியோ செய்துகாட்டியோ. முதல் பக்கத்தில் 'பெட்டி என்றால் அட்டைப் பெட்டி மட்டும், அதில் கட்டியிருக்கும் கயிறு சேராது' என்று தடித்த எழுத்தில்.

அவள் நின்றுகொண்டே நான்கு பக்கத்தையும் படித்தாள். மன்னிப்புக் கேட்டேன், "பரவால்ல சார்" என்று தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள். பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பி அந்தத் தடித்த வரியில் விரலை வைத்தாள்.

"அப்ப பொட்டில ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர் சார்?"

தாளைத் திரும்ப வாங்கி வந்திருக்கிறேன். ஸ்டிக்கருக்கு இன்னும் எழுதவில்லை.